கிறிஸ்டியன் எக்ஸ்ட்ரீம் மெட்டல் பேண்டு, உலகத்து லேபிள்: அந்நிய நுகம்னு சொல்றதுக்கு முன்னாடி

காரைக்குடியில நாலு பசங்க ஒரு மெட்டல் பேண்டு வச்சிருக்காங்க, நாலு பேரும் ஒரே சபை. கிட்டார் வாசிக்கிற தம்பி என்கிட்ட கேபிள், ஜாக் பின் வாங்க வருவான். போன தடவை வந்தப்ப முகமே சரியில்ல. என்னடான்னு கேட்டா, சென்னையில ஒரு சின்ன லேபிள் இவங்க நாலு பாட்டை ரெக்கார்ட் பண்ணி வெளியிடுறோம்னு சொல்லிருக்கு, எல்லா மாதிரி பேண்டையும் போடுற லேபிள்தான், ஆனா சபை மூப்பர் ஒருத்தர் "அது உலகத்து கம்பெனி, அந்நிய நுகம், வேண்டாம்"னுட்டாரு. விசுவாசம் இல்லாதவங்களோட ஒரே நுகத்துல கழுத்தைக் கொடுக்கக் கூடாதுங்கிற பைபிள் வசனத்தைத்தான் அப்படிச் சொல்றாரு. "அண்ணே, இதுக்கு முன்னாடி யாராச்சும் இப்படி பண்ணிருக்காங்களா?"ன்னு கேட்டான்.

பண்ணிருக்காங்க தம்பி, நாப்பது வருஷமா பண்ணிட்டுத்தான் இருக்காங்க. அவனுக்கு வாயால சொன்னதை இன்னும் கொஞ்சம் விளக்கமா எழுதிடலாம்னு உட்கார்ந்தேன்.

நான் தேவகோட்டைக்காரன், கத்தோலிக்கக் குடும்பம், அப்பா காலத்துலேர்ந்து சவுண்ட் சர்வீஸ். எங்க பாக்ஸும் ஆம்ப்ளிஃபையரும் பங்குனியில காரைக்குடி முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கிறவங்களுக்குப் பாடும், ஓரியூர்ல அருளானந்தர் திருவிழாவுக்குப் பாடும், செட்டியார் வீட்டு சாந்திக் கல்யாணத்துல நாயனத்துக்கு மைக்கா நிக்கும். மெட்டல் எனக்குப் பழக்கமானது அழகப்பா யுனிவர்சிட்டியில படிச்ச ஒரு நாகாலாந்து பையனாலதான். ஒரு கல்ச்சுரல் புரோகிராமுக்கு சவுண்ட் வைக்கப் போனப்ப, செக் பண்றதுக்கு ஒரு சிடியைக் கொடுத்தான். போட்டதும் ஆடிட்டோரியமே அதிருது, வாட்ச்மேன் ஓடி வந்து பேய் ஓட்டுறீங்களான்னு கேக்குறாரு, பையன் சிரிச்சுக்கிட்டே "அண்ணா இது சங்கீதம், பைபிள்ல இருக்கிற சங்கீதம்"ங்கிறான்.

அந்த சத்தத்தை முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா சண்டையில பாதி அதைப் பத்தித்தான். எக்ஸ்ட்ரீம் மெட்டல்னா டெத் மெட்டல், பிளாக் மெட்டல், கிரைண்ட்கோர், டூம்னு ஒரு பெரிய குடும்பம். கிட்டாரை ஸ்ருதி இறக்கிக் கட்டுவாங்க, ஒரே தந்தியை விடாம மேலயும் கீழயும் வேகமா மீட்டி தேனீக்கூட்டம் மாதிரி ஒரு இரைச்சலை உண்டாக்குவாங்க. டிரம்ல காலால கிக்கை அடிச்சுக்கிட்டே கையில ஸ்நேரையும் சிம்பலையும் இடைவெளி இல்லாம அடிக்கிறதுக்கு பிளாஸ்ட் பீட்னு பேரு. குரல் கத்தல் கிடையாது, அதை நான் அழுத்திச் சொல்றேன், கத்தினா பத்து நிமிஷத்துல தொண்டை போயிடும். குரல் நாணுக்கு மேல இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கு, மூச்சை வயித்துலேர்ந்து தள்ளி அந்த மடிப்பை அதிர வைக்கிறதுதான் அந்த உறுமல். நம்ம உறுமி மேளத்தைக் கேட்டவங்களுக்கு இது சுலபமா புரியும். தோல்ல குச்சியைத் தேய்க்கும்போது வர்ற அந்த அடிவயித்து சத்தத்துக்குத்தான் சாமி வந்து ஆடுறாங்க. அது பயமுறுத்துற சத்தம்தான், ஆனா பேயோட சத்தம்னு யாரும் சொன்னதில்ல.

அடுத்தது "உலகத்து"ங்கிற வார்த்தை. நம்ம சபைகள்ல சினிமாப் பாட்டை உலகப் பாட்டும்பாங்க. இங்கிலீஷ்ல செக்யூலர் லேபிள்னு சொல்றதுக்கு இதைவிட நல்ல தமிழ் எனக்குத் தெரியல. சாத்தான் கம்பெனின்னு அர்த்தம் எடுத்துக்கக் கூடாது, மதத்தை வச்சு பேண்டு எடுக்காத, விக்குமா விக்காதான்னு பாக்குற கம்பெனி, அவ்வளவுதான். நம்ம ஊருக்கு இது புதுசும் இல்ல. ஏவி.மெய்யப்பன் சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி சரஸ்வதி ஸ்டோர்ஸ்னு கிராமபோன் ரெக்கார்ட் வியாபாரம்தான் பண்ணாரு, ஓடியன் ரெக்கார்டு, அது ஜெர்மன்காரங்க ஆரம்பிச்ச லேபிள். ஜெர்மன் லேபிள் முத்திரை ஒட்டின தட்டுல முருகன் பாட்டு வந்தப்ப காரைக்குடியில யாரும் அந்நிய நுகம்னு பேசினதா நான் கேள்விப்பட்டதில்ல.

அமெரிக்காவுல கதை வேற. அங்க கிறிஸ்டியன் பாட்டுக்குன்னு தனி உலகமே இருந்துச்சு, தனி லேபிள், தனி ரேடியோ, தனி புத்தகக் கடை. கிறிஸ்டியன் லேபிள்ல போட்டா ரெக்கார்டு பைபிளும் வாழ்த்து அட்டையும் விக்கிற கடையில நிக்கும், சாதாரண மெட்டல் கடைக்குப் போறவன் கண்ணுல அது படவே படாது. அந்த வேலியை முதல்ல தாண்டினவங்கள்ல ரெண்டு பேர் முக்கியம். சிகாகோவோட ட்ரபிள், அவங்க முதல் ஆல்பம் 1984ல மெட்டல் பிளேடுங்கிற உலகத்து லேபிள்ல வந்துச்சு, பாட்டு வரியில பைபிள் வாசனை அடிச்சதால கம்பெனியே இதுக்கு "ஒயிட் மெட்டல்"னு பேர் வச்சு வித்துச்சு, சாத்தானைப் பாடுற பிளாக் மெட்டலுக்கு எதிர்ச்சொல் மாதிரி. இன்னொண்ணு ஸ்ட்ரைப்பர், மஞ்சள் கறுப்பு பட்டை டிரெஸ்ஸோட மேடையிலேர்ந்து பைபிள் தூக்கிப் போட்டவங்க, எனிக்மாங்கிற உலகத்து லேபிள்ல இருந்துக்கிட்டு 1986ல போட்ட ஆல்பம் அமெரிக்காவுல பிளாட்டினம் ஆச்சு, அதாவது பத்து லட்சத்துக்கு மேல. அந்த ஆல்பத்தோட அட்டையில முதல்ல தேவதூதர்கள் பிசாசைப் பாதாளத்துல தள்ளுற படம் இருந்துச்சு, எதிர்ப்பு கிளம்பினதும் வெறும் கறுப்பு அட்டையா மாத்திட்டாங்க. சண்டை போடுறது பிசாசோட, அதுக்கே இந்த எதிர்ப்பு.

அவங்க ரெண்டு பேரும் எக்ஸ்ட்ரீம் கிடையாது, கேக்க இனிமையாவே இருக்கும். அடுத்து வந்தவங்கதான் நம்ம விஷயம். பென்சில்வேனியாவோட பிலீவர், த்ராஷ் மெட்டல், 1990 ஆல்பத்துல ஒரு சோப்ரானோ, அதாவது உச்சஸ்தாயி பாடகியையும் வயலினையும் வச்சு லத்தீன் சாவுப் பூசைப் பாட்டோட பேருல ஒரு டிராக் பண்ணாங்க, மெட்டல்ல அப்படி அதிகம் பேர் யோசிக்காத காலம் அது. அவங்க பண்ண ஏற்பாடு இந்த தம்பிமாருங்க கவனிக்க வேண்டியது. கிறிஸ்டியன் கடைகளுக்கு ஆர்.இ.எக்ஸ்.ங்கிற கிறிஸ்டியன் லேபிள், மத்த கடைகளுக்கு ரோட்ரன்னர்ங்கிற உலகத்து லேபிள். ஆல்பம் ஒண்ணுதான், வரியில ஒரு எழுத்து மாறல, நிக்கிற அலமாரி மட்டும் ரெண்டு.

அதே ஏற்பாடுதான் மார்ட்டிஃபிகேஷனுக்கும். இவங்க ஆஸ்திரேலியா, மெல்போர்ன், 1990ல ஆரம்பிச்ச டெத் மெட்டல் பேண்டு, பேஸும் குரலும் ஸ்டீவ் ரோ, டிரம்ஸ் ஜேசன் ஷெர்லாக். அமெரிக்காவுல இன்டென்ஸ்ங்கிற கிறிஸ்டியன் லேபிள், ஐரோப்பாவுக்கு ஜெர்மனியோட நியூக்ளியர் பிளாஸ்ட். நியூக்ளியர் பிளாஸ்ட் 1987ல மார்கஸ் ஸ்டைகர் ஆரம்பிச்ச கம்பெனி, அப்ப ஹிப்போக்ரசி மாதிரி கிறிஸ்துவுக்கு எதிராவே பாடின பேண்டெல்லாம் அதுலதான் இருந்துச்சு. அந்த வரிசையில நடுவுல இவங்க, கேட்டலாக்ல மேல ஒருத்தன் சிலுவையைத் திட்டுறான், கீழ இவங்க சிலுவையைப் பாடுறாங்க. மூப்பர் கேக்குற கேள்வி இங்கதான் வலுக்குது, நான் அதை லேசா எடுத்துக்கல, ஒரே கூரைக்குக் கீழ எப்படி இருப்பீங்கன்னு கேக்குறது நியாயமான கேள்விதான். ஆனா அந்த கேட்டலாக்கைப் புரட்டுற பையன் யாருன்னு பாருங்க, பதினேழு வயசு, கோயில் பக்கமே போகாதவன், போஸ்ட்ல சிடி வாங்குறவன். அவன் கையில இந்த வரிகள் போய்ச் சேர வேற எந்த வழியும் கிடையாது.

இப்ப நார்வே. இதைத் தெரிஞ்சுக்காம மிச்சம் புரியாது. 1990கள் ஆரம்பத்துல அங்க பிளாக் மெட்டல் ஆளுங்க சில பேர் பாட்டோட நிக்கல, கிறிஸ்தவக் கோயிலைக் கொளுத்தினாங்க. 1992 ஜூன்ல பெர்கன் பக்கத்துல ஃபான்டாஃப்ட்ங்கிற பழைய மரக் கோயில் எரிஞ்சு சாம்பலாச்சு, அதுக்கப்புறம் இன்னும் பல கோயில். 1993 ஆகஸ்ட்ல மேஹெம் பேண்டோட கிட்டாரிஸ்ட் யூரோனிமஸை இன்னொரு பிளாக் மெட்டல்காரரே குத்திக் கொன்னாரு, 1994ல அவருக்கு 21 வருஷ தண்டனை ஆச்சு.

அந்த 1994லதான் நியூக்ளியர் பிளாஸ்ட் ஹோர்ட்ங்கிற பேண்டு பேருல ஒரு ஆல்பம் வெளியிட்டுச்சு, ஆல்பத்தோட பேரு ஹெல்லிக் உஸ்வார்ட். கேட்டா அச்சு அசல் நார்வே பிளாக் மெட்டல், அந்த மங்கலான ரெக்கார்டிங், அந்த ஈ மொய்க்கிற கிட்டார், அந்தக் கீச்சுக் குரல். வரியைப் படிச்சா தலைகீழா புடிச்ச சிலுவையை நிமித்துங்கிறான், ஆட்டுத் தலையோட கொம்பை நொறுக்குங்கிறான். பேண்டுல யாரு இருக்கான்னு போடல, அனானிமஸ்னு மட்டும் போட்டிருக்கு. வாசிச்சது எல்லாம் ஒரே ஆளு, மார்ட்டிஃபிகேஷன்லேர்ந்து வெளிய வந்திருந்த அதே ஜேசன் ஷெர்லாக். ஆள் யாருன்னு சொல்லுன்னு லேபிள் ஓனருக்கே மிரட்டல் வந்ததா மெட்டல் ஆளுங்க இன்னிக்கும் சொல்வாங்க. அன்பிளாக் மெட்டல்னு, அதாவது பிளாக் மெட்டல் சத்தத்துல கிறிஸ்தவ வரி பாடுறதுக்கு, ஒரு வகைக்கே பேரு இதுலேர்ந்துதான் வந்துச்சு.

இதே ஆல்பம் ஒரு கிறிஸ்டியன் லேபிள்ல வந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நான் நிறைய யோசிச்சிருக்கேன். யாருக்காக எழுதினாங்களோ அவங்க காதுக்குப் போயிருக்காது, போயிருந்தாலும் அது அவங்க சமாச்சாரம்னு தள்ளிருப்பாங்க. தங்களோட சொந்த லேபிள்னு நினைச்ச இடத்துலேர்ந்து வந்ததாலதான் அந்த ஆளுங்களுக்கு உறைச்சுச்சு. கம்பெனிக்கு இதுல வியாபாரக் கணக்கு இருந்துச்சுங்கிறதையும் மறைக்கல, பரபரப்பு விக்கும்னு அவங்களுக்குத் தெரியும். கம்பெனி பரபரப்பை வித்துச்சு, அந்த ஆளு தன் விசுவாசத்தைப் போட்டாரு, ரெண்டும் ஒரே தட்டுல இருந்துச்சு. நம்ம நகரத்தாருங்க வியாபார வரவுலேர்ந்து மகமைன்னு ஒரு பங்கை எடுத்து சாமிக்கு வச்சாங்க, லாபக் கணக்கும் சாமிக் கணக்கும் ஒரே பேரேட்டுல இருந்துச்சு. கணக்கு கலந்துச்சேன்னு சாமி கோவிச்சுக்கல, கோயில் கோபுரமெல்லாம் அப்படித்தான் எழும்புச்சு.

நார்வேக்குள்ளயே இருந்தவங்க கதை இன்னும் கனமானது. 1989ல கிரஷ் ஈவில்னு ஆரம்பிச்ச பேண்டு, யூரோனிமஸ் காலத்துலயே கிறிஸ்தவங்கன்னு தெரிஞ்சு பகை சம்பாதிச்சவங்க, பின்னாடி ஆன்டெஸ்டர்னு பேர் மாத்திக்கிட்டாங்க. பிளாக் மெட்டல்ங்கிற சொல்லே சாத்தானோட ஒட்டிக்கிட்டதுன்னு சொல்லி தங்களோட இசைக்கு சாரோ மெட்டல்னு பேர் வச்சாங்க, தமிழ்ல துக்க மெட்டல்னு சொல்லலாம். எனக்கு ஒப்பாரிதான் ஞாபகம் வருது. தவக்காலத்துல கோயில்ல புலம்பல் பாடுறப்ப வயசான ஆத்தாமாருங்க குரல் உடையுமே, அந்த இடம். பைபிள்ல சங்கீதம் 88னு ஒண்ணு இருக்கு, மத்த புலம்பல் சங்கீதம் பெரும்பாலும் கடைசியில நம்பிக்கையிலயோ நன்றியிலயோ முடியும், இது இருட்டுலயே முடிஞ்சிடும். சபையில கிட்டார் வாசிச்சு கைதட்டிப் பாடுற பாட்டுல இதுக்கு எங்க இடம்? ஆன்டெஸ்டர் அதுக்கு இடம் கொடுத்தாங்க. 1998ல அவங்க ஆல்பத்தை வெளியிட்டது இங்கிலாந்தோட கக்காஃபனஸ் ரெக்கார்ட்ஸ், கிரேடில் ஆஃப் ஃபில்த்தோட முதல் ஆல்பத்தைப் போட்ட அதே கம்பெனி. 2005ல அவங்க இன்னொரு ஆல்பம் வந்தப்ப டிரம்ஸ் வாசிச்சது யாரு தெரியுமா, ஹெல்ஹாம்மர். மேஹெம் பேண்டோட டிரம்மர். கோயில் எரிஞ்ச காலத்துல அந்தப் பக்கம் நின்ன பேண்டோட ஆளு, கிறிஸ்தவங்க ஆல்பத்துல உட்கார்ந்து வாசிக்கிறாரு. அவர் மதம் மாறினாருன்னு நான் சொல்லல, மாறல. ஆனா பத்து வருஷம் முன்னாடி அது கற்பனைகூட பண்ண முடியாத காரியம். 2003ல எக்ஸ்டால்ங்கிற இன்னொரு நார்வே கிறிஸ்தவ பேண்டு செஞ்சுரி மீடியாங்கிற உலகத்து லேபிள்ல ஆல்பம் போட்டப்ப, வாசிப்போட நுணுக்கத்தைப் பத்திப் பேச்சே பெருசா இருந்துச்சு.

உருவம் அவங்களோடது, உயிர் நம்மளோடதுங்கிற இந்த வழக்கு நம்ம மண்ணுல நாநூறு வருஷப் பழசு. 1606ல மதுரைக்கு வந்த ராபர்ட் டி நோபிலி சுவாமி காவி கட்டினாரு, பூணூல் போட்டவனும் குடுமி வச்சவனும் அப்படியே கிறிஸ்தவனா இருக்கலாம்னாரு, கூட இருந்த குருமாரே இது அஞ்ஞானம்னு ரோமுக்கு எழுதிப் போட்டாங்க, 1623ல போப் பதினஞ்சாம் கிரகோரி அனுமதி கொடுத்தாரு. அந்த வழியில லிஸ்பன்லேர்ந்து வந்து பண்டார சாமி கோலத்துல நடந்தவருதான் நம்ம அருளானந்தர், 1693 பிப்ரவரி 4 ஓரியூர்ல தலை வெட்டினாங்க, 1947ல புனிதர்னு அறிவிச்சாங்க. அந்தச் செம்மண்ணை எடுத்து நெத்தியில பூசிக்கிறோம், அவரு போட்ட காவி வேஷத்தை யாரும் இன்னிக்குக் குறை சொல்றதில்ல. பிளாக் மெட்டல் ஆளுங்க மாதிரி முகத்துல வெள்ளையும் கறுப்பும் பூசிக்கிட்டு சிலுவையைப் பாடுற பையனை மட்டும் ஏன் வாசல்லயே நிறுத்துறோம்?

சத்தத்துக்கும் இதே கதைதான். பறை சாவு மேளம், கோயிலுக்குள்ள வரக் கூடாதுன்னு சொன்ன கோயில்கள் நம்ம பக்கம் இருந்துச்சு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில இருந்த தியாபிலஸ் அப்பாவு ஐயா, பரட்டைன்னு கூப்பிடுவாங்க, நாட்டுப்புற மெட்டையும் பறையையும் ஆராதனைக்குள்ள கொண்டு வந்தாரு. கர்நாடக ராகத்துல வந்த கீர்த்தனையை மட்டும் பரிசுத்தம்னும் பறையைத் தீட்டுன்னும் சொல்றது சாமியோட தீர்ப்பு இல்ல, சாதியோட தீர்ப்புன்னு அவரு காட்டினாரு. ஒரு சத்தத்தைப் பிசாசோடதுன்னு சொல்றப்ப அதை யாரு வாசிக்கிறாங்கன்னும் பாக்கணும்னு எனக்கு அவராலதான் தோணுச்சு.

மூப்பருக்கு இன்னொரு பயம் உண்டு, வெளிய போனா பசங்க கெட்டுப்போவாங்கன்னு. அதுக்கு நடந்ததையே சொல்றேன். வெஞ்சன்ஸ் ரைசிங்னு ஒரு பேண்டு, முழுக்க முழுக்க கிறிஸ்டியன் லேபிள்ல இருந்தவங்க, அதோட பாடகர் ரோஜர் மார்ட்டினஸ் பின்னாடி விசுவாசத்தை விட்டுட்டு அதுக்கு எதிராவே பேச ஆரம்பிச்சாரு. நியூக்ளியர் பிளாஸ்ட்ல இருந்த ஸ்டீவ் ரோவுக்கு 1996ல ரத்தப் புற்றுநோய், எலும்பு மஜ்ஜை மாத்துற சிகிச்சை வரைக்கும் போயி எழுந்து வந்தாரு, எழுந்ததும் மறுபடி அதே பாட்டு, அதே சாட்சி. நேர்மையாச் சொல்லணும்னா எதிர் உதாரணமும் இருக்கு, மெட்டல் பிளேடுல பெருசா வளர்ந்த ஒரு கிறிஸ்தவ பேண்டோட பாடகர் 2014ல ஜெயிலுக்கே போனாரு. ஆக லேபிளோட முத்திரையை வச்சு மனுஷன் நிப்பானா விழுவானான்னு சொல்ல முடியல. அந்த முத்திரையே எவ்வளவு நாளைக்கு? ஸ்பேரோங்கிற பெரிய கிறிஸ்டியன் லேபிளை 1992லயே இ.எம்.ஐ. வாங்கிடுச்சு. சுத்தமான கம்பெனின்னு நினைச்சு வாங்கின பாட்டுக்காசு போய்ச் சேர்ந்தது உலகத்து கம்பெனிக்குத்தான்.

நான் பயப்படுறது வேற இடத்துல, அதை தம்பிகிட்ட நல்லா அழுத்திச் சொல்லிட்டேன். லேபிள் எங்க பாக்ஸ் மாதிரி வாங்கினதை அப்படியே விடுற சாமான் கிடையாது, அதுக்குக் கை இருக்கு. அட்டைப் படம், தலைப்பு, விளம்பரம் எல்லாத்துலயும் கை வைக்கும். அட்வான்ஸ்னு கொடுக்கிறது பரிசு இல்ல, பற்று. ஒரு பேச்சுக்கு ஒரு லட்சம் கொடுத்தா, உங்க ராயல்டி பங்கு அந்த ஒரு லட்சத்தைக் கழிக்கிற வரைக்கும் உங்க கைக்கு ஒரு ரூபாய் வராது, கழியறது மொத்த விற்பனையிலேர்ந்து இல்ல, உங்க பங்குலேர்ந்து மட்டும், அதனால கம்பெனிக்கு லாபம் வந்த பிறகும் உங்க பேருல பற்று நிக்கலாம். மாஸ்டர், அதாவது பாட்டோட மூல ரெக்கார்டிங், யாரு கையில, எத்தனை வருஷத்துக்கு, இதை முதல்ல கேக்கணும். நீங்களே ரெக்கார்ட் பண்ணி கொஞ்ச வருஷத்துக்கு மட்டும் லைசன்ஸ் கொடுத்தா பாட்டு உங்ககிட்ட திரும்பி வரும், அவங்க காசுல ரெக்கார்ட் பண்ணா பெரும்பாலும் வராது. கம்பெனி இன்னொருத்தன் கைக்குப் போனா உங்க பாட்டும் கூடவே போகும், செஞ்சுரி மீடியாவை 2015ல சோனி வாங்கினப்ப அதுல இருந்த ரெக்கார்டெல்லாம் கூடவே போன மாதிரி. முக்கியமா, பாட்டு வரியையும் அட்டையையும் எங்க சம்மதம் இல்லாம மாத்தக் கூடாதுன்னு ஒரு வரி எழுதி வாங்கணும். அந்த ஒரு வரி இருந்தா அந்நிய நுகம்னு சொல்றதுல பாதி கழண்டுடும், ஏன்னா நுகம்னா கழுத்தைத் திருப்ப விடாதது.

சரி, ஹோர்டுக்கு என்ன ஆச்சுன்னு தம்பி கேட்டான். ஆள் யாருன்னு பின்னாடி எல்லாருக்கும் தெரிஞ்சுடுச்சு. 2006ல ஷெர்லாக் அந்தப் பாட்டுகளை முதல் தடவையா மேடை ஏத்தினாரு. ஊரு எது தெரியுமா, ஓஸ்லோ. நார்வேல, நார்வே பசங்களை வாசிக்க வச்சு. அடுத்த வருஷம் அதை ஆல்பமாவும் போட்டாங்க.

தம்பி அக்ரிமென்ட் பேப்பரோட வர்ற ஞாயிறு சாயந்திரம் வர்றான். மூப்பரையும் கூட்டிட்டு வான்னேன். ஹோர்ட் பாட்டு ரெண்டோட வரியைத் தமிழ்ல எழுதி வச்சிருக்கேன், முதல்ல அதைப் படிக்கக் கொடுத்துட்டு அப்புறம் பாக்ஸை ஆன் பண்றேன்.